ஒரே நிறுவனம் சார்ந்த திறன்பேசி: ஒரு மதிப்பீடு

ஒரு பொருளை மதிப்பிடப் புகுவோர் அதனால் விளையும் வசதியை மட்டும் நோக்குதல் சாலாது; அதனை விட்டு நீங்க நேர்ந்தவிடத்து உறும் இழப்பையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். காணி வாங்குங்கால் இதனை மறவாத நாம், திறன்பேசி வாங்குங்கால் மறந்துவிடுகின்றோம். கருவி, அதனை இயக்கும் மென்பொருள், செயலிகளை விற்கும் கடை, படங்களைச் சேமிக்கும் களஞ்சியம், மணிக்கூடு ஆகிய யாவும் ஒரே நிறுவனத்தின் கையில் அமையுமாயின், அத்தகைய கருவியைப் பெருவிலை கொடுத்து வாங்குதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதற்கண் நலன்களைக் கூறுதல் முறை. கருவியையும் மென்பொருளையும் ஒருவரே ஆக்குதலின், பழைய கருவிகளும் நெடுங்காலம் பேணப்படுகின்றன. 2015இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளிவந்த ஐஓஎஸ் 15 பதிப்பையும் ஏற்றது. அக்காலத்து அன்ட்ரொயிட் கருவிகளுட் பல இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புதுப்பிப்பை இழந்தன. தமிழும் அங்குப் புறக்கணிக்கப்படவில்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவை அப்பிள் தன் கருவிகளிற் சேர்த்தது. எனினும், நெடுங்காலப் பேணல் இன்று ஒருவருக்கே உரிய சிறப்பன்று. 2023 ஒக்டோபரில் கூகிளும், 2024 சனவரியில் சம்சுங்கும் தம் உயர்தரக் கருவிகளுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பை உறுதியளித்தன.

இனிக் குறைகளை நோக்குவோம். வாயிலைக் காப்பவன் ஒருவனே எனின், உள்ளே வரத்தக்கது எது என்பதை முடிவு செய்பவனும் அவனே. பிறர் ஆக்கிய விசைப்பலகைகளை அன்ட்ரொயிட் 2009 முதலே ஏற்றது. ஐபோன் அவற்றை எல்லாச் செயலிகளிலும் இயங்கவிட்டது 2014இல் வந்த ஐஓஎஸ் 8 பதிப்பிலேயாம். அதுகாறும், பிறர் தந்த தமிழ் விசைப்பலகையை விரும்பிய ஒருவர் ஒரு செயலியில் எழுதி, வெட்டியெடுத்து, மற்றொன்றில் ஒட்ட வேண்டியிருந்தது. தமிழரிடத்தே கருவி இருந்தது, ஆக்கித் தரும் அறிஞரும் இருந்தனர். திறக்கும் உரிமையே பிறரிடம் இருந்தது.

பொது அளவைகளின் பயனை அறிய விரும்புவார் ஒருகொடவத்தைக்குச் செல்லலாம். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்கள் சுங்கப் பரிசோதனைக்காக அங்குள்ள முற்றங்களில் அடுக்கப்படுகின்றன. அவை பல நாட்டவை, பல நிறுவனத்தவை. ஆயினும் எந்தப் பாரந்தூக்கியும் எந்தப் பெட்டியையும் தூக்கும். எந்த லொறியும் அதனை ஏற்றிச் செல்லும். 1956இல் மல்கம் மக்லீன் அமெரிக்காவில் கொள்கலன் கப்பலை ஓட்டியபோது இந்நிலை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நீளத்தையும் தனக்கென ஒரு பொருத்துவாயையும் கொண்டிருந்தது. 1960களில் மக்லீனின் நிறுவனம் தன் மூலைப் பொருத்துவாயின் காப்புரிமையைக் கட்டணமின்றிப் பொதுவாக்கியது. உலக அளவை பிறந்தது. நிறுவனங்களுக்கிடையே போட்டி ஒழிந்ததில்லை. பூட்டு ஒன்றே ஒழிந்தது.

பொது அளவை இல்லாதவிடத்து நேர்வதையும் நாம் அறிவோம். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றின. ஒருங்குறி வந்தபின்னரே தமிழ் எழுத்துக் கருவியின் பிடியினின்றும் நீங்கிற்று. திறன்பேசியிலும் நிலை அன்னதே. ஐபோனின் வட்ஸ்அப் உரையாடற் காப்பு அப்பிளின் களஞ்சியத்திலும், அன்ட்ரொயிட்டின் காப்பு கூகிளின் களஞ்சியத்திலும் கிடந்தன. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் நேர்வழி 2021இலேயே, அதுவும் முதலிற் சம்சுங் கருவிகளுக்கே, அமைந்தது. பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் ஒரு வெள்ளவத்தைத் தாய்க்கு அவ்வுரையாடல்களே கடிதக் கட்டு. நிறுவனமே தளர்ந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஒருகாலத்தில் அலுவலர் கையெல்லாம் விளங்கிய பிளாக்பெரி, தன் பழைய கருவிகளுக்கான சேவைகளை 2022 சனவரி 4ஆந் திகதி நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டு நிலைமை இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 799 டொலர்க் கருவி, வரிகள் நீங்கலாகவே, 160,000 ரூபாவிலிருந்து 288,000 ரூபாவை எட்டியது. பிணைப்பில் உள்ளவர் கருவி பழுதுற்ற நாளில் விலை மலிந்த வேறொன்றுக்கு எளிதில் மாற இயலாதவராவர். சட்டத்தின் துணையும் நமக்குக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022இற் பொதுவான மின்னேற்றும் வாயைச் சட்டமாக்கியது. 2023இல் வந்த ஐபோன் 15 அதனை ஏற்றது. கொழும்பில் வாங்கியவரும் பயனுற்றனர். ஆனால், 2024 மார்ச்சில் அதே ஒன்றியத்திற் பிறர் செயலிக் கடைகளுக்கு வாயில் திறந்தபோது, அவ்வுரிமை நம் கரைக்கு வரவில்லை.

ஆகவே, யாம் கொள்ளும் முடிபு இது: இத்தகைய கருவி தன்னளவிற் தீதன்று. தன் படங்களையும் எழுத்துகளையும் தொடர்பெண்களையும் பொது வடிவிற் பிறிதோரிடத்துங் காத்து வைப்பவருக்கும், கருவி கெட்ட நாளில் மீண்டும் அதனையே வாங்கும் பொருள்வலி உடையவருக்கும் அது தகும். தவணைப் பணத்தில் முதற் கருவி வாங்கும் மாணவருக்கு அது தகாது. நடுத்தர விலையில், நீண்ட புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்ட வேறொன்றே ஏற்றது. எதனை வாங்கினும், கடைக்காரரை முதலில் வினவ வேண்டியது ஒன்றுண்டு: இதனை விட்டு நீங்கும் நாளில் எவற்றை உடன்கொண்டு செல்லலாம் என்பதே அது.