முடிவை முன்னே மொழிதல்

"மீதியை வெள்ளித்திரையில் காண்க." பழைய பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் பெரும்பாலும் இவ்வாறே முடியும். கொட்டகை வாயிலில் விற்ற மெலிந்த புத்தகம் அது. சுருக்கத்தை எழுதியவர் பெயரும் அதில் இராது. ஆயினும் எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பதை அப்பெயரிலார் நன்கு அறிந்திருந்தார். இன்று நூல் பல கற்றோரிடத்தும் அவ்வறிவைக் காண்டல் அரிதாயிற்று.

2013 டிசம்பரில் வெளிவந்த ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படமாகிய 'திருஷ்ய'த்தை இந்நகரத் தமிழர் பலரும் பார்த்தோம். அது 2015-இல் 'பாபநாசம்' எனத் தமிழில் வந்தபோது, நாகர்கோவிலிலும் நெல்லையிலும் உள்ள உறவினரிடம் மறைபொருளைக் காப்பது எங்களுக்கு ஒரு நோன்பாகவே அமைந்தது. நான் அந்நோன்பைக் காத்தேன். அதற்குக் கிடைத்த பயன்தான் வேறு. இரண்டாம் பாகம் 2021 பிப்ரவரியில் கொட்டகைக்கு வராமல், அமேசான் பிரைம் வழியாக நேரே இல்லங்களுக்குள் நுழைந்தது. இரவே பார்த்து முடித்த அலுவலக நண்பர் ஒருவர், மறுநாட்காலை நான் வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடும் முன்னரே முழுமையும் உரைத்துவிட்டார். சினந்தேன். அவரோ தமிழ் கற்றவர், சற்றும் அயர்ந்தாரல்லர். "சிலப்பதிகாரப் பதிகம் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தானே சார் தொடங்குகிறது? அதனால் இளங்கோவடிகளுக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்றார்.

வினா எளிதன்று. அன்று விடை கூற இயலாமல் என் இருக்கைக்குச் சென்றேன்.

கோவலன் கொலையுண்டதும், மதுரை எரியுண்டதும், காப்பியம் நிலைநாட்டும் மூன்று உண்மைகளும், முப்பது காதைகளின் பெயர்களும் பதிகத்திலேயே வந்துவிடுகின்றன. பதிகம் அடிகளின் வாக்கன்று, பிற்காலத்தார் சேர்த்தது என்பாரும் உளர். அக்கூற்று உண்மையாயின், அதனைப் பாடியவர் என் நண்பரின் குலமுதல்வராதல் வேண்டும்! அது நிற்க. பதிகத்தை நீக்கிப் படித்தாலும் நண்பரின் கட்சி வலுவுடையதே. வரப்போகும் கேட்டைக் காப்பியமே கனவுகள் வாயிலாக முன்னுணர்த்துகிறது. கொலைக்களக் காதையில், சிலம்பைக் கைக்கொண்டு செல்லும் கோவலனை ஓர் ஏறு எதிர்ப்படுகிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியான். அவன் குலத்தார்க்கு அவ்வறிவு இல்லை என்கிறார் கவிஞர். முடிவை அறியாதவனுக்கு இது வழியில் வந்த ஒரு மாடு. அறிந்தவனுக்கோ நெஞ்சு பதைக்கும் இடம். உண்ணாயி வாரியரின் நளசரிதத்தை நான்கு இரவு விழித்துக் காண்போருக்கும் இஃதொக்கும். நளனும் தமயந்தியும் மீண்டும் கூடுவர் என்பதை அறியாதார் அவையில் எவருமிலர். பிரிந்தவர் முகத்தில் அத்துயரை நடிகர் எங்ஙனம் காட்டுவார் என்பதற்காகவே விழித்திருக்கின்றனர்.

ஆயின் நண்பர் கண்ட சிலம்பில் கனாத்திறம் உரைத்த காதையும் உண்டன்றோ? அதனை அவர் கருதவில்லை. கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கிறாள். பெரியதொரு நகருக்குச் சென்றதையும், கோவலன்மீது பழி வந்ததையும், தான் காவலன்முன் வழக்குரைத்ததையும் கூறுகிறாள். காவலனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கொன்று உண்டு என்று சொல்லி, அதை மட்டும் உரைக்கமாட்டேன் என நிறுத்திக்கொள்கிறாள். பதிகம் பறையறைந்ததைக் கண்ணகி வாய்விட்டுச் சொல்ல மறுக்கிறாள். எதனை, எவர் வாயால், எவ்விடத்தில் வெளிப்படுத்துவது என்பதைப் படைப்பே முடிவு செய்கிறது. அவ்வுரிமை பதிகேடு பார்க்கும் எழுத்தருக்கு உரியதன்று. என் நண்பர் மீது நான் கொண்ட சினத்திற்குக் காரணம் இதுவே என்று இப்போது தோன்றுகிறது. அவர் என் இன்பத்தைக் கெடுத்தது சிறு குற்றம்; ஜீத்து ஜோசப் வகுத்த வரிசையை அவர் கலைத்தது பெருங்குற்றம்.

மறைபொருளையே உயிராகக் கொண்ட ஆக்கத்தை எடுத்துக்கொள்வோம். வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். போர்க்காலச் சென்னை, முதற்காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு வீழ்கிறார். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, நம் ஐயம் ஆளுக்கு ஆள் தாவுகிறது. ஐயுற்று, தவறி, மீண்டும் ஐயுறுவதே அப்படத்தின் இன்பம். விடையை முன்னரே கேட்டவன் அதனை முதன்முறை பார்க்கும் பேற்றை என்றைக்குமாக இழக்கிறான். இரண்டாம் முறையில் வேறோர் இன்பம் உண்டு: குற்றவாளியின் சொற்கள் இருபொருள் தருவதைக் கண்டு வியக்கலாம். முதன்முறையை இழந்தவனுக்கு அவ்வியப்பும் பாதியே. இலண்டனில் 1952 முதல் நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தில், மறைபொருளை வெளியே சொல்லவேண்டாவென இறுதியில் அவையோரையே வேண்டுகின்றனர். 1960-இல் 'சைக்கோ' வந்தபோது, காலந்தாழ்த்து வந்தோரை உள்ளே விடவேண்டா என்றே ஹிட்ச்காக் பணித்தார்.

சென்ற கோடை விடுமுறையில் 'அந்த நாளை'க் கல்லூரியில் பயிலும் என் மகளுடன் வீட்டில் பார்த்தேன். நான் திரையைப் பார்த்ததினும் அவள் முகத்தைப் பார்த்ததே மிகுதி. அவளும் அதை உணர்ந்துவிட்டாள். "அப்பா, நீங்க யாரைப் பார்த்து முழிக்கிறீங்கன்னு பார்த்தே நான் கண்டுபிடிச்சிருவேன்" என்றாள். எழுந்து அடுக்களைக்குச் சென்று, தேவையில்லாத ஒரு தேநீரைப் போடத் தொடங்கினேன்.