முள்ளின் அடியில்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகர வீட்டு வாசல்களில் தொட்டிக் கள்ளிகளைக் கண்டால் முதலில் முள்ளின் அடியைத்தான் பார்ப்பேன். பஞ்சு ஒட்டியதுபோல் சிறு மெத்தை, அதிலிருந்து முள் என்றால் அது கேக்டஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மூருக்கு வந்த சப்பாத்திக்கள்ளி அந்தக் குடும்பம். வேலியோரச் சதுரக்கள்ளிக்கு மெத்தை கிடையாது. கீறினால் பால் வடியும். கண்ணில் படக்கூடாத பால். எவ்வளவு அழகான வேறுபாடு!

வளர்ப்பது எளிது: மண் நன்றாகக் காய்ந்தபின், அடித்துளையில் வழியும்வரை தண்ணீர். தினமும் தெளித்தால் வேர் அழுகும். இங்கே மழை குளிர்காலத்தில்தான். அப்போது தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும்.

உறைபனியும் கொல்லும். இதே மாநிலத்தின் வால்நட் கிரீக் நகரில் ரூத் பேன்கிராஃப்ட் என்பவர் 1972-இல் தொடங்கிய கள்ளித் தோட்டத்தின் பெரும்பகுதி அந்த ஆண்டு டிசம்பர் குளிரிலேயே மடிந்தது. அறுபதைத் தாண்டியிருந்த அவர் மறுபடியும் நட்டார். இன்று அது பொதுமக்கள் பார்க்கும் தோட்டம்.