வழக்குரை காதையும் வார்த்திகன் வழக்கும்

சிலப்பதிகாரப் பதிகம் நூலின் நோக்கமாக மூன்று உண்மைகளை மொழிகின்றது. ஆட்சியில் முறை தவறியவர் உயிரை அறமே கொள்ளும் என்பது அவற்றுள் முதலாவது. இதற்குச் சான்றாக அறிஞர் பலரும் வழக்குரை காதையையே காட்டுவர். கண்ணகி வழக்குரைத்தாள், பாண்டியன் தன் பிழையை உணர்ந்தான், உணர்ந்த அளவிலே உயிர் நீத்தான். அவன் நேர்மையைப் போற்றி எழுந்த கட்டுரைகள் பல. அப்போற்றுதல் தகுவதே. ஆயினும், மன்னன் தன்னுயிர் கொடுத்தும் கோவலன் உயிர் மீளவில்லை என்பதை மறத்தல் ஆகாது. பிழை நேர்ந்தபின் வருந்திய வேந்தனை நாம் அறிவோம். பிழை எவ்விடத்து நேர்ந்தது? நேராமற் காக்க வழி இருந்ததா? இவ்வினாக்களுக்கு இளங்கோவடிகளே விடை வைத்துள்ளார் என்பதும், அவ்விடையைக் கட்டுரை காதையிற் காணலாம் என்பதும் யாம் ஈண்டு நிறுவ விழைவன.

முதற்கண் கொலைக்களக் காதையை நோக்குவோம். தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் மன்னனைப் பொற்கொல்லன் வாயிலிற் காண்கின்றான். சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் உள்ளான் என்கின்றான். மன்னன் ஊர்க்காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என ஆணையிடுகின்றான். கோவலனை வினவ வேண்டும் என்னும் எண்ணமே அவ்வாணையில் இல்லை.

அடுத்து நிகழ்வது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்கு உரியவன் தோற்றம் அன்று என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கொள்ளும் துணைகள் எட்டினை எடுத்துரைத்து அவ்வையத்தைக் கலைக்க முயல்கின்றான். வேலேந்திய இளைஞன் ஒருவன் முன்பு தான் கண்ட கள்வன் ஒருவனின் திறத்தைக் கூறி, தவறினால் வேந்தன் நம்மை ஒறுப்பான், செய்யத் தக்கது யாது எனத் தன் துணைவரை வினவுகின்றான். அவ்வினாவிற்கு விடை பிறக்குமுன் கல்லாத ஒருவன் வாளை ஓச்சிவிடுகின்றான்.

இங்கே ஐயம் இருந்தது. அது வாய்விட்டும் சொல்லப்பட்டது. ஆயின் அவ்வையம் மன்னன் செவியை எட்டவில்லை. அச்சம் அதனை இடைவழியிலேயே தடுத்துவிட்டது. பாண்டியன் தேராமல் ஆணையிட்டது முதற்பிழை எனின், காவலர் தம் ஐயத்தை வேந்தனிடம் கொண்டு செல்லாமை இரண்டாம் பிழை என்க. இவ்விரண்டாம் பிழை திறனாய்வாளரால் அத்துணை கருதப்பட்டிலது.

இனிக் கட்டுரை காதைக்கு வருவோம். மதுரை எரியுண்டபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றிப் பாண்டியர் முறைமையைக் கூறுகின்றது. அங்கு வருவதே வார்த்திகன் வரலாறு. பராசரன் என்னும் அந்தணன் தங்கால் என்னும் ஊரில், வார்த்திகன் மகன் தக்கிணனின் மறையோதும் திறத்திற்கு மகிழ்ந்து அவனுக்கு அணிகலன் வழங்கினான். அதனைப் பொறாத அரசப் பணியாளர், புதையலைக் கவர்ந்தான் எனப் பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அதனைக் கேட்ட பாண்டியன், தன் ஆட்சியில் நேர்ந்த கொடுமை யாது என வினவினான். ஏவலாளர் வணங்கி, வார்த்திகனைச் சிறைப்படுத்திய செய்தியை உள்ளவாறே உரைத்தனர். மன்னன் அவனை விடுவித்துப் பொறுத்தல் வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அளித்தான். அதன்பின்னரே கதவு திறந்தது.

இதனைக் கதைப்போக்கைத் தடுக்கும் கிளைக்கதை என்பாரும் உளர். அற்றன்று. இரு வழக்குகளையும் எதிரெதிர் வைத்து நோக்குக. இரண்டிலும் பொருள் பற்றிய பொய்ப்பழி உண்டு. பழியுற்றவனை வினவாமல் தண்டித்தல் உண்டு. மனைவியின் அழுகை உண்டு. வேறுபாடு இரண்டே. வார்த்திகன் வழக்கில் மன்னன் வினவினான். ஏவலாளர் உண்மை உரைத்தனர். கோவலன் வழக்கில் மன்னனும் வினவவில்லை, காவலரும் உரைக்கவில்லை. எனவே ஒருவன் உயிருடன் வீடு திரும்பினான்; மற்றவன் வெட்டுண்டான். ஆட்சியின் முறைமை ஆள்வோன் மனத்தூய்மையில் மட்டும் அமைவதன்று. அவன் பணியாளர் உண்மை சொல்லவும், அதனை ஒருவர் கேட்கவும் வழி இருத்தலில் அமைவது. இதுவே அடிகள் கருத்து என்பது எம் துணிபு.

இக்காலச் சட்டத்தைப் பழைய காப்பியத்தில் ஏற்றிக் காண்பதோ இது எனச் சிலர் வினவலாம். யாம் ஏற்றவில்லை, ஒப்பிடுகின்றோம். காப்பியத்தில் வாயிலைத் திறப்பவன் வேந்தன். வேந்தன் வினவாவிடின் தெய்வம் வினவச் செய்தல் வேண்டும். 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 226ஆம் உறுப்பு, அரசின் மீதே உயர்நீதிமன்றத்தில் முறையிடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. பீகாரில் 1968இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை சிறையில் வைக்கப்பட்ட ஒருவருக்கு, அரசு இழப்பீடு தருமாறு உச்சநீதிமன்றம் 1983இல் ஆணையிட்டது. வார்த்திகனுக்கு ஊர்கள் அருளாகக் கிடைத்தன. இங்கு இழப்பீடு உரிமையாகக் கிடைத்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது.

மதுரை இன்றும் வழக்குரைக்கும் ஊராகவே விளங்குகின்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலை 24 அன்று தொடங்கப்பெற்றது. குற்றாலத்தை அடுத்து, திருமலை முருகன் குன்றின் அடிவாரத்தில் உள்ள பண்பொழியில் வாழும் உழவர் ஒருவர் அரசின் ஆணையை எதிர்த்து முறையிட வேண்டின், அதற்கு முன் சென்னை வரை செல்ல வேண்டியிருந்தது. இன்று அவர் செல்வது மதுரைக்கு. கண்ணகி தனியளாய்ச் சிலம்பேந்தி நின்ற ஊரில், அவருக்காக வழக்கறிஞர் ஒருவர் எழுந்து பேசுகின்றார்.

ஆயின் வாயில் திறந்திருத்தல் மட்டும் போதுமா? 2020 சூன் திங்களில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி. என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர் அவ்வழக்கைத் தாமாகவே முன்வந்து எடுத்தனர். பாண்டியன் வினவியதுபோல் இங்கு நீதிமன்றம் வினவியது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்திற்கே சென்று உசாவினார். அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை அஞ்சிய நிலையிலும் சாட்சியாக உரைத்தார். அவருக்குப் பாதுகாப்பளிக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. வேந்தன் ஒறுப்பான் என அஞ்சிய வேலிளைஞனின் வினாவிற்குக் கிடைத்த விடை இது எனலாம். எனினும், இங்கும் உண்மை வெளிப்பட்டது இருவர் உயிர் போனபின்னரே. வார்த்திகனைப்போல் அவர்கள் வீடு திரும்பவில்லை. ஐயம் உரிய காலத்தில் உரியவரை எட்டும் வழி இன்னும் செப்பமாக அமைந்திலது என்பதையே இது காட்டுகின்றது.

வழக்குரை காதை பாடநூல்களிற் பெரிதும் இடம்பெறுகின்றது. கட்டுரை காதையை அத்துணைப் பேர் பயில்வதில்லை. முன்னதை மட்டும் கற்பவர் மன்னன் மாண்ட சிறப்பை அறிவர். குடிமகன் மாளாமற் காக்கும் வழியை அறியார். அடிகள் இரண்டையும் ஒரே காண்டத்தில் வைத்தார். நாமும் அவற்றை ஒருங்கே கற்பித்தல் கடன்.