டீச்சரம்மாவின் தெரு

‘எங்க ஊர்ல அப்பல்லாம் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி’ என்று தொடங்கும் நினைவுக் கட்டுரைகள் இணைய இதழ்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. திண்ணை, கைமாற்றாக வாங்கிய காபித்தூள், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் சாவி. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஊர்’, ‘அக்கம்பக்கம்’ என்ற இரண்டையும் இவை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பது என் புகார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைச் சமீபத்தில் மறுபடி வாசித்தேன். அந்த வித்தியாசம் அதில் பளிச்சென்று தெரிகிறது.

1973-இல் நூலாக வந்த சிறிய நாவல் அது. சென்னையில் ஒரு தெரு. தண்ணீர் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார்கள். மாநகராட்சி தெருவைத் தோண்டிப் போடுகிறது, குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறது. சினிமா வாய்ப்புக்காகக் காத்திருந்து, பாஸ்கர் ராவ் என்பவனால் சுரண்டப்படும் ஜமுனா. அவளோடு சண்டையும் பாசமுமாக வாழும் தங்கை சாயா. இவர்களுக்கு நடுவே டீச்சரம்மா வருகிறார்.

ஜமுனா தற்கொலை வரை போய்த் திரும்பியவள். அவளுக்கு டீச்சரம்மா ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. சிறு வயதிலேயே, தன்னைவிட மிகவும் மூத்த நோயாளி ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்ட தன் கதையைச் சொல்கிறார். கிட்டத்தட்ட எரிச்சலோடு சொல்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஜமுனா செய்தது சரியா, தப்பா என்ற விசாரணை அங்கே பெரிதாக எழுவதில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு ஜமுனா மெல்ல எழுந்து தெருவுக்குள் வருகிறாள், தண்ணீர்ப் பிரச்சினைக்குள் வருகிறாள். அண்டை வீட்டார் ஒருவர் இன்னொருவருக்குச் செய்ய முடிந்த உதவியை இவ்வளவு குறைந்த சத்தத்தில் சொன்ன வேறொரு தமிழ் நாவல் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இதன் பக்கத்தில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை வைத்துப் பாருங்கள். தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நாவல், 2013-இல் வந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு குமரேசனோடு வரும் சரோஜாவை ஊர்ப் பெண்கள் வந்து வந்து பார்க்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சாதியை ஊகிக்கிறார்கள். அங்கேயும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிதான். அந்தக் குடும்பம்தான் கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்குத் தீ வைக்கிறது. ‘நீ யாரு?’ என்பது ஊர் கேட்கும் முதல் கேள்வி. டீச்சரம்மாவின் தெருவில் முதல் கேள்வி ‘தண்ணி வந்துச்சா?’

இதை மாங்காட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய பழைய ஊர் ஒன்று, அதைச் சுற்றி மனை போட்டு விற்ற நகர்கள். 2021-இல் நகராட்சி ஆனது. இந்த நகர்களில் ஒருவருக்கொருவர் எந்த ஊர்க்காரர் என்று சரியாகத் தெரியாது. ஆளுக்கொரு போர், ஆளுக்கொரு மோட்டார், குடிக்க கேன் தண்ணீர். ஐ.டி.யில் வேலை செய்பவன் என்பதால் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: ஒரு வீடு இன்னொரு வீட்டை எதற்குமே நம்பியிருக்க வேண்டாத மாதிரி வடிவமைக்கப்பட்ட வாழ்க்கை இது.

மழைதான் அதைக் கலைக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு, பக்கத்திலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வாரம் சென்னை முழுக்க, மாடியில் இருந்தவர்கள் தரைத்தளத்துக் குடும்பங்களைச் சாதி, மதம் விசாரிக்காமல் மேலே ஏற்றிக்கொண்டார்கள். நான்கு வருஷம் கழித்து, 2019-இல், அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது லாரி வரும் நேரத்தைச் சொல்லவாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘சென்னையின் மனிதாபிமானம்’ என்று நாம் கொண்டாடியதில், ஏரியை ஏன் அப்படித் திறக்க நேர்ந்தது, நீர் போகும் வழிகளில் மனை போட அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விகள் சுருதி இறங்கிவிட்டன. அசோகமித்திரன் இந்தத் தவறைச் செய்யவில்லை. அந்தப் பெண்களின் ஒத்தாசையை அவர் எங்கேயும் மாநகராட்சியின் கணக்கில் வரவு வைப்பதில்லை. குழாய் ஒழுங்காக வந்திருந்தால் அந்தக் குடங்களுக்கு வேலையே இல்லை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. டீச்சரம்மாவையும் அவர் தியாகி ஆக்கவில்லை. பேசி முடித்ததும் அவர் அதே வீட்டுக்கு, அதே வாழ்க்கைக்குத் திரும்பிப் போக வேண்டியவர்தான்.

சிலர் ‘தண்ணீர்’ நாவலை வெறும் குறியீடாக வாசிக்கிறார்கள்: தண்ணீர் என்றால் அன்பு, வறட்சி என்றால் மனவறட்சி என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருப்பதால்தான் அந்தத் தெரு ஜமுனாவைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. குடத்தோடு நிற்பவளிடம் பூர்வீகம் விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

இன்றைக்கு அந்த விசாரணை குழாயடிக்கு முன்பே, வாசலிலேயே முடிந்துவிடுகிறது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ‘வெஜிடேரியன் ஒன்லி’, ‘ஃபேமிலி ஒன்லி’ பலகைகள் தெரிந்திருக்கும். ஜமுனா இப்போது எங்கள் பக்கம் ஒரு ஒற்றை பெட்ரூம் வீடு கேட்டு வந்தால்? கல்யாணம் ஆகவில்லை, சினிமாவில் சின்ன வேஷம், வயிற்றில் குழந்தை. அட்வான்ஸ் பேச்சுக்கே அவள் போய்ச் சேர மாட்டாள். அதற்கு முன்னால் ஹவுஸ் ஓனர் இயல்பாக, மரியாதையாகத்தான் கேட்பார்: ‘சார் எங்கம்மா வேலை பார்க்கிறார்?’