ஹெமிங்வேயின் ‘சுத்தமான, வெளிச்சமான ஓர் இடம்’: உபசரிப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

‘சுத்தமான, வெளிச்சமான ஓர் இடம்’ அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே (1899–1961) ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதை. 1933இல் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் வெளிவந்து, அதே ஆண்டு ‘வின்னர் டேக் நத்திங்’ என்ற தொகுப்பில் இடம்பெற்றது. அச்சில் சில பக்கங்களே வரும். வகுப்பறைகளில் இதை வாழ்வின் வெறுமையைச் சொல்லும் கதையாகவே பெரும்பாலும் கற்பிக்கிறார்கள். அந்த வாசிப்பு தவறன்று. ஆனால் கதை நடப்பது மது பரிமாறும் கடையில். பேசுபவர்கள் அங்கே வேலை பார்க்கும் இருவர். அவர்கள் வாதிடுவது, வந்த ஒருவரை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி. காசு வாங்கிக்கொண்டு செய்வதும் உபசரிப்பாகுமா என்ற கேள்வி இக்கதைக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கதையைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச்சுருக்கம்

ஸ்பெயினில் ஒரு கஃபே. அந்நாட்டில் கஃபே என்றால் காபியும் மதுவும் கிடைக்கும் இடம். நள்ளிரவு கடந்துவிட்டது. காது கேளாத ஒரு முதியவர் மட்டும், மர இலைகளின் நிழலில் அமர்ந்து பிராந்தி குடித்துக்கொண்டிருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லாதவர், சென்ற வாரம் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டவர். பணியாளர் இருவரில் இளையவருக்கு வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். கடையை மூடிவிட்டுப் போகத் துடிக்கிறார். மூத்தவருக்கு அவசரமில்லை. முதியவர் மறுபடி கேட்டபோது, இளையவர் கொடுக்க மறுத்துக் கடையை மூடச் செய்கிறார். பிறகு மூத்தவர் தனியே நடந்து, வேறொரு மதுக்கடையில் ஒரு சிறு கோப்பை குடித்துவிட்டு, உறக்கம் வராத தன் அறைக்குத் திரும்புகிறார்.

ஊற்றுவதும் உபசரிப்பதும்

முதியவர் முதலில் இன்னொரு பிராந்தி கேட்டபோது இளையவர் கொண்டுவந்து ஊற்றுகிறார். முதியவர் இன்னும் கொஞ்சம் என்று விரலால் சைகை காட்ட, பிராந்தி கோப்பை நிரம்பி, அதன் தண்டு வழியே சாசரில் வழிகிறது. அளவைப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் ஊற்றும் அந்தக் கணத்தில்தான், சென்ற வாரமே நீர் செத்திருக்கலாம் என்ற பொருளில் இளையவர் சொல்கிறார். முதியவருக்குக் காது கேட்காது. அவர் நன்றி சொல்கிறார். கோப்பை வழியும்போது மனம் வறண்டிருக்கலாம் என்பதை ஆசிரியர் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

விருந்தினரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதும் போதாது. இக்கதையின் உரையாடலில் எந்த வரி யாருடையது என்ற குழப்பம் உண்டு. முதியவரின் செய்தியை யார் யாருக்குச் சொன்னார் என்பதில் தெளிவு வேண்டி, 1965இல் பதிப்பகத்தார் உரையாடலில் ஓரிடத்தை மாற்றினார்கள். அது சரியா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டாலும் ஒன்று உறுதி: ஊற்றும் நேரத்தில் இளையவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை அவர் ஏளனத்துக்குப் பயன்படுத்துகிறார். மூத்தவரோ வேறொன்றைக் கவனித்திருக்கிறார்: இந்த முதியவர் போதையிலும் சிந்தாமல் குடிப்பவர், சுத்தமானவர். வந்தவரின் குறையைப் பார்க்காமல் அவரது கண்ணியத்தைப் பார்க்கும் கண் அது. போகும்போது முதியவர் சாசர்களைத் தாமே எண்ணிப் பணம் கொடுத்து, அரை பெசெட்டா அன்பளிப்பும் வைத்துவிட்டு, தள்ளாடினாலும் நிமிர்ந்து நடக்கிறார். மூத்தவர் பார்த்தது சரி என்று கதை உறுதிசெய்கிறது.

உபசரித்தவர் விருந்தினராகும்போது

கதையின் கடைசிப் பகுதியை மாணவர்கள் அவசரமாகப் படித்துவிடக் கூடாது. இதுவரை பரிமாறிய மூத்தவர் இப்போது வேறொரு கடையின் மேடை முன் நிற்கிறார். அங்கே பளபளக்கும் காபி இயந்திரம் உண்டு, விளக்கு உண்டு. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கிறார், ஊற்றுகிறார், இன்னொன்று வேண்டுமா என்றும் கேட்கிறார். முதியவருக்கு மறுக்கப்பட்ட அந்த ‘இன்னொன்று’ இங்கே கேட்காமலே கிடைக்கிறது. ஆனாலும் மூத்தவர் வேண்டாம் என்று வெளியேறுகிறார். மேடை துடைத்து மெருகிடப்படவில்லை. தாம் சொன்னதற்குக் கடைக்காரர் பதில் பேசவில்லை. வந்தவரை இன்னொரு பைத்தியம் என்று கணக்கில் சேர்த்துவிட்டார். நடைமுறையில் பிழையில்லை, வரவேற்பு மட்டும் இல்லை. இவ்விரு கடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மதுக்கடையில் ஒருவருக்கு நினைவில் நிற்பது மது அன்று என்பது விளங்கும். வெளிச்சம், சுத்தம், இருக்க விடும் பொறுமை ஆகியவையே நிற்கின்றன.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பை நம் மாணவர்களே எழுப்புவார்கள். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு 9ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரம். சாகத் துணிந்த, எண்பது வயதான ஒருவருக்கு மேலும் ஊற்றுவது எப்படி நன்மையாகும்? நியாயமான கேள்வி. கதை இதற்கு நேராக விடை சொல்லவில்லை. ஆனால் ஒரு குறிப்பு இருக்கிறது. வேண்டுமானால் ஒரு பாட்டில் வாங்கி வீட்டிலேயே குடிக்கட்டுமே என்கிறார் இளையவர். அது இதுவாகாது என்கிறார் மூத்தவர். இளையவரும் அதை ஒப்புக்கொள்கிறார். முதியவர் தேடி வந்தது மதுவை மட்டும் என்றால் வீடே போதும். மனிதர் நடமாடும் இடத்தில் இருப்பதற்காக அவர் வந்திருக்கிறார். அவருக்கு மறுக்கப்பட்டது அதுதான்.

இரண்டாவது மறுப்பு இளையவர் சார்பானது. மூன்று மணிக்கு முன் படுக்கையைக் காணாத தொழிலாளி அவர். வீட்டுக்குப் போக விரும்புவது குற்றமா? இல்லை. இளையவர் அநியாயக்காரராக இருக்க விரும்பாதவர் என்று ஆசிரியரே எழுதுகிறார். வேலை நேரம் முடிந்தது என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். அவரோ அரைகுறைச் சொற்களில், குடிபோதையில் இருப்பவரிடமோ அந்நியரிடமோ பேசுவதுபோல் பேசி, மேசையைத் துடைத்து அனுப்புகிறார். குற்றம் அந்த முறையில்தான் இருக்கிறது.

மதிப்பீடு

மூத்தவரைக் கதையின் அறிவுரையாளராக எடுத்துக்கொள்ளும் வாசிப்பை நான் முழுதும் ஏற்கவில்லை. யாருக்காவது இந்தக் கடை தேவைப்படலாம் என்பதால் ஒவ்வோர் இரவும் மூட மனமில்லை என்கிறார். அருமையான எண்ணம். ஆனால் முதியவர் எழுந்து போன அந்த நிமிடத்தில் அவர் என்ன செய்தார்? இன்னொரு கோப்பையைத் தாமே கொண்டுபோயிருக்கலாம். ஒரு மணி நேரம் தாமே இருந்து மூடுவதாகச் சொல்லி, இளையவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். முதியவர் தெருவில் இறங்கிய பிறகே, ஏன் இருக்க விடவில்லை என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டே கடைப் பலகைகளை மூடவும் உதவுகிறார். அவரது பரிவு முதியவரைச் சென்று சேரவேயில்லை. இதை ஹெமிங்வே அறிந்தே எழுதினாரா என்று அறுதியிட முடியாது. ஆனால் கதையைத் திரும்பப் படிக்கும்போது மனத்தை உறுத்துவது இளையவரின் கடுமையைவிட மூத்தவரின் இந்தத் தாமதமே. பரிமாறும் தொழிலுக்குப் படிப்பவர்களும் இலக்கியம் படிப்பவர்களும் இந்த இடத்தில் ஒருமுறை நின்று போக வேண்டும்.