மனவித்தையிலும் சீட்டு வித்தையிலும் மூலவர் யார்? – ஒரு விமர்சனப் பார்வை

பார்வையாளர் மனத்தில் நினைத்ததை அறிந்து சொல்வதுபோல் மேடையில் நிகழ்த்தப்படும் கலை மனவித்தை ஆகும். மென்டலிசம் என்ற பெயரும் வழக்கில் உண்டு. சீட்டுக்கட்டு ஒன்றை மட்டும் கொண்டு செய்வது சீட்டு வித்தை. இவ்விரு துறைகளிலும் ஒரு நுட்பத்தை முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி நூறாண்டுக்கும் மேலாகப் பூசல்களை உண்டாக்கி வந்துள்ளது. அப்பூசல்களில் மிகப் புகழ்பெற்றது, ஹூடினி என்னும் வித்தைக்காரர் 1908இல் வெளியிட்ட ஒரு நூலால் எழுந்தது. அந்நூலை முதன்மைச் சான்றாகக் கொண்டு, வித்தை நுட்பங்களுக்கு மூலவர் பெயரைக் குறிக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

"இதைக் கண்டுபிடித்தவர் இன்னார்" என்ற ஒற்றை வரி இத்துறையில் பெரும்பாலும் முழு உண்மை அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. பார்வையாளர் காணும் காட்சி, அதற்குப் பின்னால் உள்ள செய்முறை, அதை முதலில் அச்சில் தந்தது, அதைப் பரவலாக்கியது ஆகிய நான்கும் நான்கு பேருக்கு உரியவையாக இருக்கலாம். அவற்றைப் பிரித்துச் சொல்லாத இடத்தில் யாரோ ஒருவருக்கு அநீதி நேர்கிறது.

சிக்கலின் காரணங்கள்

ஒரு கவிதையைத் திருடினால் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். வித்தையில் அப்படியில்லை. செய்முறை மறைவாக இருப்பதே இக்கலையின் உயிர். ஆகவே பலர் தம் நுட்பங்களை எழுதி வைப்பதில்லை. நம்பிக்கையான மாணவர் ஓரிருவருக்கு நேரில் கற்பிப்பதோடு சரி. எழுதப்படாத ஒன்றுக்கு உரிமை கோருவது கடினம்.

சட்டமும் அதிகம் துணைநிற்பதில்லை. ஒரு வித்தையை விளக்கும் நூலின் வாசகங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. வித்தையின் செய்முறைக்கு அப்பாதுகாப்பு இல்லை. அமெரிக்க வித்தைக்காரர் டெல்லர் தம் புகழ்பெற்ற நிழல் காட்சியை மற்றொருவர் நகலெடுத்ததாக வழக்குத் தொடுத்தார். 2014இல் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் வித்தை என்ற அளவில் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்றும், பேச்சில்லா நாடகமாகப் பதிவு செய்யப்பட்டிருந்ததால் பாதுகாப்பு உண்டு என்றுமே நீதிமன்றம் கூறியது. இந்நிலையில், ஒரு நுட்பத்தை உருவாக்கியவருக்குக் கிடைக்கும் ஊதியம் பல சமயங்களில் பெயர் ஒன்றுதான். அதுவும் தவறிப்போனால் அவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஹூடினியின் குற்றச்சாட்டு

பிரான்சின் புளுவா நகரில் பிறந்தவர் ரொபேர்-ஊதேன் (1805–1871). கடிகாரத் தொழிலிலிருந்து மேடைக்கு வந்த இவர், நவீன மேடை வித்தையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1846 பிப்ரவரியில் பாரிசில் தம் அரங்கில் 'இரண்டாம் பார்வை' என்ற நிகழ்ச்சியை அறிமுகம் செய்தார். கண் கட்டப்பட்ட அவருடைய மகன் எமில் மேடையில் அமர்ந்திருப்பான். தந்தை பார்வையாளர்களிடையே சென்று, அவர்கள் தரும் பொருளைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்பார். மகன் அப்பொருளை விவரிப்பான். இன்றைய இருவர் மனவித்தை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு இதுவே முன்மாதிரி.

இந்த எண்ணம் எப்படித் தோன்றியது என்பதை ரொபேர்-ஊதேன் தம் தன்வரலாற்றில் சொல்கிறார். தம் பிள்ளைகள் இருவர் வீட்டில் கண்கட்டி விளையாடியதைப் பார்த்தாராம். ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு, மற்றவன் தொடும் பொருள் எது என்று கேட்கும் விளையாட்டு அது. பிறகு தந்தையும் மகனும் கடைவீதியில் நடந்து, ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியை ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ட பொருள்களை நினைவிலிருந்து எழுதிப் பழகினர் என்றும் கூறுகிறார்.

எரிக் வைஸ் என்ற இளைஞர் இத்தன்வரலாற்றைப் படித்து மயங்கி, அவர் பெயரோடு ஓர் இகர ஒலியைச் சேர்த்துத் தம் மேடைப் பெயரை ஹூடினி (1874–1926) என அமைத்துக்கொண்டார். அதே ஹூடினிதான் பின்னாளில் 'ரொபேர்-ஊதேனின் முகமூடி கிழிப்பு' என்று பொருள்படும் தலைப்பில் 1908இல் நூல் எழுதினார். தம் குரு தமக்குரியவை எனச் சொன்ன வித்தைகள் பலவும் முன்னோருடையவை என்பது அதன் வாதம். இரண்டாம் பார்வைக்கு எதிராக அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. 1784இல் லண்டனில் பினெட்டி என்ற இத்தாலியக் கலைஞரின் விளம்பரம், அவருடைய மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு அவையோர் கேட்பதை ஊகித்துச் சொல்வார் என அறிவித்தது. 1831இல் மக்கீன் என்ற ஸ்காட்லாந்துச் சிறுவன் லண்டனில் இதே போன்ற காட்சியை நிகழ்த்தினான். இரண்டும் எமில் மேடையேறுவதற்கு முற்பட்டவை.

சான்று சரி, தீர்ப்பு பிழை

ஹூடினியின் நூலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பழைய துண்டறிக்கைகளையும் விளம்பரங்களையும் நாடு நாடாகத் தேடிச் சேர்த்து, ஆண்டு குறித்து அச்சிட்டது அதன் பெருமை. கேள்விப்பட்டதை எழுதும் பழக்கம் மிகுந்த துறையில், ஆவணத்தைக் காட்டிப் பேசும் வழக்கத்தை அவர் வலுப்படுத்தினார்.

அந்த ஆவணத்திலிருந்து அவர் வந்தடையும் முடிவுதான் கோணலாக இருக்கிறது. 1784ஆம் ஆண்டு விளம்பரம் நமக்குச் சொல்வது காட்சியை மட்டுமே: ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு விடை சொன்னார். எந்தச் செய்முறையால் சொன்னார் என்பது அதில் இல்லை. விளம்பரத்தில் இருக்கவும் இருக்காது. ஆகவே கண்கட்டி விடை சொல்லும் காட்சியை முதலில் நிகழ்த்தியவர் ரொபேர்-ஊதேன் அல்லர் என்பது நிறுவப்படுகிறது. அவருடைய செய்முறை திருடப்பட்டது என்பது நிறுவப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஹூடினி சினத்தால் நிரப்புகிறார். பிரான்சு சென்றபோது எமிலின் கைம்பெண் மனைவி தம்மைச் சந்திக்க மறுத்தது அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. நூலின் நடையிலும் அந்த வடு தெரிகிறது.

அதற்காக ரொபேர்-ஊதேனின் தன்வரலாற்றை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தமக்கு இக்கலையைக் கற்பித்தவர் என்று அவர் எழுதும் டோரினி என்பவர் கற்பனைப் பாத்திரம் என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. கண்கட்டி விளையாட்டுக் கதையும் அழகுபடுத்தப்பட்டதாக இருக்கலாம். பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர் மோரிஸ் சார்தினாவும், 1950களில் ஜீன் ஹியூகார்ட்டும் ஹூடினியின் நூலை வரிவரியாகச் சோதித்து மறுத்தெழுதினர். தன் வாயால் தன்னைப் புகழ்வதும் பகைவர் வாயால் பழி கேட்பதும் ஒருவருக்கு உரிய சான்று ஆகா என்ற பாடத்தை இவ்விரு நூல்களும் சேர்ந்தே தருகின்றன.

சென்னைக்கு உள்ள தொடர்பு

இதே பூசலில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ரொபேர்-ஊதேன் 1847இல் தம் இளைய மகனை ஒரு கோலின் துணையோடு காற்றில் கிடத்திக் காட்டினார். அப்போது ஐரோப்பாவில் புதுமையாகப் பேசப்பட்ட ஈதர் மயக்க மருந்தே அவன் உடலை இலேசாக்கியது என்று அவையோரிடம் கதை சொன்னார். அதற்கு முன்பே, 1830ஐ ஒட்டிய காலத்தில், சென்னையில் ஒருவர் ஒரு கோலின்மீது கை வைத்தபடி தரையைத் தொடாமல் அமர்ந்து காட்டியிருந்தார். 1832இல் லண்டன் இதழ் ஒன்று அதைப் படத்துடன் வெளியிட்டது. ஆங்கிலக் குறிப்புகள் அவரைச் 'சேஷால்' என்றும் 'காற்றில் அமரும் பிராமணர்' என்றும் குறிக்கின்றன. சேஷாசலம் போன்ற ஒரு பெயரே இப்படிச் சிதைந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. ஐரோப்பியருக்கு முழுப் பெயரும் தன்வரலாறும் வாழும்போது, சென்னைக் கலைஞருக்குச் சாதிப் பெயரும் பாதிப் பெயரும் மட்டுமே மிஞ்சின.

சீட்டு வித்தையில் நான்கு வகைப் பெயர்கள்

சீட்டு வித்தையில் நுட்பங்கள் பெரும்பாலும் ஆள் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அப்பெயர்கள் எப்படி ஒட்டிக்கொண்டன என்று பார்த்தால் நான்கு வெவ்வேறு நிலைகள் தெரிகின்றன.

முதலாவது, எழுதாமல் மறைந்தவர் பெயரைப் பிறர் காத்த நிலை. வியன்னாவின் ஹோஃப்சின்சர் (1806–1875) தம் குறிப்புகளை எரித்துவிடும்படி மனைவியிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய மாணவர்களின் நினைவிலிருந்தும் எஞ்சிய கடிதங்களிலிருந்தும் நுட்பங்களைத் திரட்டி ஒட்டோகார் ஃபிஷர் 1910இல் நூலாக்கினார். எழுதியது தாம் என்றாலும் நூலின் தலைப்பிலேயே ஹோஃப்சின்சர் பெயரை வைத்தார். இத்துறையில் நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இரண்டாவது, பெயர் இருந்தும் ஆள் தெரியாத நிலை. 1902இல் சிகாகோவில் வெளிவந்த எர்ட்நேஸ் நூல் சீட்டு வித்தையாளரின் வேதம் எனலாம். எர்ட்நேஸ் என்பது புனைபெயர். யார் அவர் என்பது இன்றும் உறுதிப்படவில்லை. சில முறைகளைத் தாமே உருவாக்கியதாக அவர் குறிக்கிறார். மற்றவை சூதாடிகளிடையே முன்பே வழங்கியவை. எனினும் நூலில் உள்ள அனைத்தையும் 'எர்ட்நேஸ் முறை' என்றே பலர் எழுதுகின்றனர்.

மூன்றாவது, பரப்பியவர் பெயர் நிலைத்த நிலை. ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிட மூன்று எண் கூடுதலாக வருமாறு கட்டை அடுக்கும் முறைக்குச் சை ஸ்டெபின்ஸ் என்ற அமெரிக்கக் கோமாளிக் கலைஞரின் பெயர் வழங்குகிறது. சம இடைவெளியில் சீட்டடுக்கும் கருத்தோ பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களிலேயே இருந்தது. ஸ்டெபின்ஸ் அதை விற்றார், பரப்பினார், தோற்றுவிக்கவில்லை.

நான்காவது, உரியவருக்கே பெயர் சென்ற நிலை. நான்கு சீட்டுகளை எண்ணிக் காட்டும்போதே ஒன்றன் முகத்தை மறைத்துவிடும் எண்ணல் முறையை 1950களில் பிரிட்டானியரான அலெக்ஸ் எல்ம்ஸ்லி உருவாக்கினார். அவர் வைத்த பெயர் 'பேய் எண்ணல்'. மற்றவர்களே அதை 'எல்ம்ஸ்லி எண்ணல்' ஆக்கினர்.

நான்கு நுட்பங்களும் ஆள் பெயரைத் தாங்கி ஒரே மாதிரி நிற்கின்றன. ஆனால் பெயரின் பொருள் நான்கிலும் வேறு. இதை விளக்காமல் பெயரை மட்டும் தரும் கட்டுரை மாணவனைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

என் வகுப்பறையில் நடந்தது

இப்படிப்பட்ட தவறு எப்படித் தொடங்குகிறது என்பதை என் அனுபவத்திலேயே கண்டிருக்கிறேன். கணித ஆசிரியராக இருந்த காலத்தில், ஒற்றை இரட்டை பாடத்துக்குமுன் ஒரு சீட்டு வித்தை செய்து காட்டுவேன். கட்டைச் சிவப்பு, கறுப்பு என மாற்றி மாற்றி முன்பே அடுக்கியிருப்பேன். ஒரு மாணவன் ஏறக்குறையப் பாதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவான். பிறகு இரு பாதிகளையும் ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஒரே ஒரு முறை கலைப்பான். அதன்பின் மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால், ஒவ்வொரு சோடியிலும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் இருக்கும்.

காரணம் எளிது. ஒவ்வொன்றாகப் போட்டதால் ஒரு பாதியின் வரிசை தலைகீழாகிறது. எனவே இரு பாதிகளின் அடிச்சீட்டுகளும் வெவ்வேறு நிறம். கலைக்கும்போது முதலில் சிவப்பு விழுந்தால், அந்தப் பாதியின் அடுத்த சீட்டும் கறுப்பு, மற்றப் பாதியின் அடிச்சீட்டும் கறுப்பு. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தாலும் இரண்டாவது சீட்டு கறுப்பாகவே இருக்கும். ஒரு சோடி முடிந்ததும் அடிச்சீட்டுகள் மறுபடியும் வெவ்வேறு நிறத்தில் நிற்கும்.

இதை எனக்கு உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் கற்பித்தார். ஒரு மாணவி, "சார், இது நீங்களே கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விட்டேன். அவ்வாண்டு பள்ளி மலரில் அவள் எழுதிய கட்டுரையில் இது "எங்கள் ஆசிரியர் கண்டுபிடித்த வித்தை" என்று அச்சாகியிருந்தது. படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மார்ட்டின் கார்ட்னரின் கணித நூல்களைப் படிக்கும்போதுதான் இதன் பெயர் கில்பிரெத் தத்துவம் என்று தெரிந்தது. நார்மன் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1958இல் வித்தைக்காரர் சங்க இதழ் ஒன்றில் இதை வெளியிட்டார். அவரை வித்தைக்காரர் வட்டத்துக்கு வெளியே பொது வாசகர் அறியச் செய்தவர் கார்ட்னர். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்டபோது மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அச்சில் ஒரு பொய் ஏற அதுவே போதுமானதாக இருந்தது.

எழுதுவோர் கவனத்திற்கு

இத்தகைய தளங்களில் வித்தைக் கலை பற்றி எழுதும் மாணவர்கள் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லைக் கடைசியாகப் பயன்படுத்துவது நல்லது. "மேடையில் நிகழ்த்திய முதல் பதிவு", "முதலில் அச்சிட்டவர்", "மேம்படுத்தியவர்", "பரப்பியவர்" என்று சான்று அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் எழுதலாம். தேதியிட்ட இதழ்கள் இதற்குப் பெரிதும் உதவும். அமெரிக்க மனவித்தைக் கலைஞர் ஆன்னெமன் 1934 முதல் 1941 வரை நடத்திய 'ஜின்க்ஸ்' இதழ், நுட்பங்களை அனுப்பியவர்களின் பெயரோடு வெளியிட்டது. அதனாலேயே இன்றும் பல சந்தேகங்களைத் தீர்க்கிறது. விளம்பரம் கிடைத்தால் அது காட்சிக்குச் சான்று, செய்முறைக்குச் சான்றாகாது. பெயர் தெரியாத இடத்தில் "மூலவர் அறியப்படவில்லை" என்று எழுதுவதில் இழிவு இல்லை.

என் மாணவி இன்று அவளும் ஓர் ஆசிரியை. அண்மையில் அவள் வகுப்பிலும் அதே வித்தையைச் செய்து காட்டுவதாகத் தொலைபேசியில் சொன்னாள். கில்பிரெத் பெயரையும் 1958 என்ற ஆண்டையும் அவளிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு அதைக் கற்பித்த ஆசிரியரின் பெயரையும் சேர்த்தே சொன்னேன்.