பெரியாழ்வாரின் ஒப்பனைப் பதிகங்கள்

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் நீராட்டல், குழல் வாருதல், பூச்சூட்டல், காப்பிடல் என்னும் பொருள்களில் அமைந்த பதிகங்களைப் பிள்ளைத்தமிழின் முன்னோடி எனச் சுட்டி அமைவது ஆராய்ச்சியாளர் வழக்கம். அது தவறன்று, ஆயினும் போதாது. பிற்காலத்தார் வகுத்த ஆண்பாற் பருவம் பத்தனுள் குழல் வாருதலும் பூச்சூட்டலும் இல்லை. நீராடல் பெண்பாற்கு உரியதாயிற்று. காப்போ, தெய்வங்களை வேண்டும் முதற் பருவமாக நின்றது. இலக்கிய மரபு கைவிட்ட இவை எங்கு வாழ்கின்றன?

இல்லத்துப் பூசையறையில் வாழ்கின்றன என்பது எம் கருத்து. சுந்தரபாண்டியம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளிலும் பிறவிடங்களிலும், சாண் உயரமும் இல்லாத வெண்ணெய்க் கண்ணனை நீராட்டித் துடைத்து, சிறு துண்டைக் கொசுவமிட்டு உடுத்தி, பூச்சூட்டி, ஈற்றில் கண்ணேறு கழிக்கும் இல்லத்தரசியர் அப்பதிகங்களின் வரிசையையே பின்பற்றுகின்றனர். இடையே கோல் வேண்டும் பதிகம் புகுந்திருப்பதை மறைப்பதற்கில்லை. ஆனிரை மேய்க்கும் சிறுவனுக்குக் கோலின்றி ஒப்பனை நிரம்பாது என அமைதி கூறலாம். ஆழ்வார் இல்லத்தில் இத்தகைய படிமம் இருந்தது என்று யாம் கூறவில்லை. மகவைப் பேணும் முறையே பாட்டிற்கும் பூசைக்கும் பொது முதல் என்பதே எம் துணிபு.

ஈண்டு ஓர் ஒப்பீடு பயன்படும். ஸ்பெயின் நாட்டு உடுத்துச் சொரூபங்கள் பலவற்றில் முகமும் கைகளுமே செதுக்கப்பெறும். உடல் வெறும் மரச்சட்டம். ஆடையின்றி அவை முற்றுப்பெறா. பிராகு நகரில் 1628ஆம் ஆண்டு பெருங்குடிப் பெண்ணொருவர் கார்மேல் துறவியர்க்கு அளித்த குழந்தை இயேசுவும் முன்னர் வீட்டுப் பொருளே. இன்றும் வழிபாட்டுக் காலத்திற்கேற்ப அதற்கு உடை மாற்றுகின்றனர். நம் செப்புத் திருமேனிகளிலோ அணிகலனும், உடையுள்ளவற்றில் அவ்வுடையும் உலோகத்திலேயே வார்க்கப்பட்டுள்ளன. அணிந்திருப்பதற்கு மீண்டும் அணிவிப்பது ஏன்? குறையை நிரப்புவதற்கன்று, அணிவிப்பவளின் ஆசைக்காக. பூச்சூட்டற் பதிகம் செண்பகம், மல்லிகை, பாதிரி, புன்னை எனப் பாட்டுத்தோறும் பூவை மாற்றி அழைப்பதன் சுவை இதனால் விளங்கும். சொல்லடுக்கு என அதனைத் தள்ளுவார் தாயின் குரலைக் கேளாதவர்.

துணியை நீக்கிப் படிமத்தை மட்டும் அளந்தெழுதும் காட்சியகப் பட்டியலும், பருவப்பெயரை மட்டும் எண்ணும் இலக்கிய வரலாறும் செய்யும் பிழை ஒன்றே. குருபரம்பரை நூல்களின்படி, இறைவனுக்குரிய மாலையை ஆண்டாள் முதலிற் சூடிப் பார்த்தது கோயிலில் அன்று, வீட்டில். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருமலைக்கும் சித்திரையில் அழகருக்கும் செல்கிறது.